கிருஷ்ணபிள்ளையை நாம் படித்தோமா?

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை எங்கள் ஊர்க்காரர் என்று பெருமை பேசுவதில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களாகிய நமக்கு ஒரு குறையும் இல்லை. 1827இல் கரையிருப்பில் பிறந்தவர், சாயர்புரத்தில் தமிழ் கற்பித்தவர், கிறிஸ்தவக் கம்பர் என்றெல்லாம் ஒப்பிப்போம். அவருடைய இரட்சணிய யாத்திரிகத்தை முழுக்கப் படித்தவர் உங்கள் சபையில் யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட கதையை 3,700க்கும் மேற்பட்ட பாட்டுகளில் காப்பியமாக்கி, 1894இல் நூலாகத் தந்துவிட்டுப் போனார் அவர். நாம் செய்தது என்ன? தமிழாசிரியருக்கும் ஆராய்ச்சி மாணவருக்கும் அதைத் தாரைவார்த்துவிட்டோம். பிள்ளைகளுக்குப் பனியனின் ஆங்கிலச் சுருக்கப் பதிப்பு வாங்கிக் கொடுத்தோம்.

கேட்டால், செய்யுள் புரியவில்லை என்போம். கீர்த்தனைப் புத்தகத்தில் உள்ள கிருஷ்ணபிள்ளையின் பாட்டு மட்டும் புரிந்தா பாடுகிறோம்? ராகம் தெரியும், பாடிவிடுகிறோம். புரியாததை நாலு பேர் உட்கார்ந்து பிரித்துப் படிக்கலாம் என்று நமக்குத் தோன்றவில்லை. உண்மைக் குற்றம் அதுதான். தனி ஜெபம், கன்வென்ஷன், காலையில் வாட்ஸ்அப்பில் வரும் வசனம் இவற்றோடு ஆவிக்குரிய வளர்ச்சியை முடித்துக்கொண்டோம். பிரசங்கம் கேட்கப் பழகிய காது, பக்கத்தில் இருப்பவர் ஒரு பாட்டுக்குச் சொல்லும் பொருளைக் கேட்கப் பழகவில்லை.

பழைய திருச்சபை இப்படி இருக்கவில்லை. 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் வகுத்த மடத்து ஒழுங்கில், சாப்பாட்டு வேளையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பேசாமல் கேட்க வேண்டும். லெந்து நாட்களில் ஒவ்வொருவரும் ஒரு நூலைப் பெற்று முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படித்தாக வேண்டும். நாம் லெந்தில் மீனையும் கறியையும் விடுகிறோம். நல்லதுதான். புத்தகம் எடுக்கிறோமா?

பனியனின் யாத்திரிகனே தனியாகக் கரை சேர்ந்தவன் அல்ல. கடைசி ஆற்றில் அவன் மூழ்கப்போகும்போது தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்தவன் கூட வந்த துணைவன். இந்தக் கதையைத்தான் நாம் அவரவர் வீட்டுப் பீரோவில் தனித்தனியாகப் பூட்டி வைத்திருக்கிறோம்.

மூப்பர்களே, ஐக்கியச் சங்கத்துப் பெண்களே, வருகிற லெந்தில் வாரம் ஒரு மாலை ஒதுக்குங்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவராவது எந்தச் சபையிலும் இருப்பார்; அவரை நடுவில் உட்கார வையுங்கள். பத்துப் பாட்டு போதும். வாலிபர்களை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.