ஏரியைப் பார்த்துப் பறந்தவர்கள்!

“பரந்தூர்ல ஏர்போர்ட் வந்தா, எங்க பொண்ணு அங்கயே பைலட்டுக்குப் படிக்கலாமா தம்பி?” ராஜகுளத்தில் ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

முதலில் ஒரு பழைய கதை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிவந்தார். வழிகாட்ட ரேடியோ கிடையாது. அங்கிருந்து பெல்லாரி வழியாக மதராஸுக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். கீழே தெரியும் ஆறு, ஏரி, ரயில் பாதைதான் அவர்களுக்கு வழி. 1 செ.மீ.க்கு 10 கி.மீ. என்ற அளவில் போட்ட காகித வரைபடம் இன்றும் உண்டு. அதில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு சுமார் 3 செ.மீ.தான்! அப்புறம் பாலாறு, மதுராந்தகம் ஏரி. (கோடையில் ஏரி வற்றினால் ரயில் பாதையே கதி.)

இப்போது டேப்லெட்டில் ஜி.பி.எஸ். புள்ளி நகர்கிறது. ஆனால் 2025 நவம்பரில் டெல்லி வான்வெளியில் போலி ஜி.பி.எஸ். சிக்னல்கள் விமானங்களைக் குழப்பின. அதனால் ‘பேப்பர் எதுக்கு?’ என்று சிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, அந்த அம்மாவுக்குப் பதில். வேலைக்கான பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதைச் சின்ன விமானத்தில்தான் தொடங்க முடியும். பெரிய ஏர்போர்ட்டில் அதற்கு ஓடுபாதை கிடைப்பது குதிரைக்கொம்பு. 5,000 ஏக்கருக்கு மேல் கேட்கும் பரந்தூர் பயணிகள் விமானத்துக்கானது. ஏகனாபுரத்து மக்கள் போராடுவது அந்த நிலத்துக்காகத்தான். பயிற்சிப் பள்ளியை வேறு ஊரில்தான் தேட வேண்டும், அம்மா.