மொட்டைமாடியில் ஒரு மழைமானி
பாளையங்கோட்டையில் வீடு கட்டும் ஒவ்வொருவரும் மொட்டைமாடியில் ஒரு மழைமானிக்கும் இடம் விட வேண்டும். 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அங்கே அளக்கும் கருவி இருந்ததால்தான் அந்த எண் நமக்குத் தெரியும். நம் தெருவில் எவ்வளவு பெய்தது என்று கேட்டால், 'பேய்மழை' என்பதற்கு மேல் யாரிடமும் பதில் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளிப் போனாலே மழையின் அளவு மாறிவிடுகிறது. ஊருக்கு ஒரு மானி எப்படிப் போதும்? பெரிய செலவும் இல்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பாத்திரம், ஓர் அடிக்கோல், கைப்பேசியில் ஒரு விரிதாள். மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் வைத்து, வானிலைத் துறையினரைப் போலத் தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து குறிக்க வேண்டும். ஒரு மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மி.மீ. பெய்தால் சுமார் 930 லிட்டர்! இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் அதைச் சாக்கடைக்கு விட மனம் வருமா? கிணறு உள்ளவர்கள் நீர்மட்டத்தையும் பக்கத்திலேயே எழுதலாம். பாபநாசம், ஸ்ரீவைகுண்டம் பக்கம் போகும்போது தாமிரபரணியைத் தேதியோடு படம்பிடித்துச் சேர்க்கலாம். இது விஞ்ஞானிகள் வேலை என்று ஒதுங்குவதை நான் ஏற்கவில்லை. வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் பாத்திரத்தை மாடியில் வைத்துவிடுங்கள்.