மூன்று நாள் அனுதாபம் போதாது

ஒரு பயிற்சி விமானம் விழுந்தால் நமது முகநூல் மூன்று நாள் அழும். நாலாவது நாள் மறந்துவிடும். "விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியோடு செய்தியும் அடங்கிப்போகும். அந்தக் குழு என்ன கண்டுபிடித்தது என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

2020 டிசம்பர் 15. சீனக்குடாவிலிருந்து கிளம்பிய பீ.டி.-6 விமானம் நமது கந்தளாய், சூரியபுர பக்கம் விழுந்து ஒரு பயிற்சி விமானி இறந்தார். 2023 ஆகஸ்ட் 7. அதே சீனக்குடா, அதே ரக விமானம். மேலெழும்பிய சில நிமிடங்களில் விழுந்தது. ஒரு விமானியும் ஒரு பொறியியல் அதிகாரியும் போய்விட்டார்கள். மூன்று வருடத்துக்குள் மூன்று உயிர். இரண்டு தடவையும் குழு போட்டார்கள். முழு அறிக்கை மட்டும் இன்றுவரை எங்கள் கண்ணில் படவில்லை.

கடலில் விழுந்திருந்தால் சாக்குச் சொல்லலாம். ஆனால் கடலில் விழுந்ததையே தேடி எடுக்கிறார்கள். 2015 ஜூனில் தமிழ்நாட்டுக் கரைக்கு அப்பால் மூவரோடு காணாமல் போன இந்தியக் கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானத்தின் கறுப்புப்பெட்டியை ஆழ்கடலிலிருந்து மீட்டார்கள். 2016 இல் சென்னையிலிருந்து 29 பேரோடு போய் மறைந்த ஏ.என்.-32 இன் சிதைவுகளை ஏழரை வருடத்துக்குப் பிறகு, 3400 மீட்டர் ஆழத்தில் கண்டதாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். நமது இரண்டு விமானங்களும் தரையில் விழுந்தவை. ஒவ்வொரு துண்டும் கைக்கெட்டிய தூரத்தில்தான் கிடந்தது.

"அது இராணுவ இரகசியம் சேர்" என்பார்கள். என்ன இரகசியம்? பீ.டி.-6 ஆயுத விமானமல்ல, 1958 இல் முதன்முதல் பறந்த சீன வடிவமைப்பிலான பயிற்சி விமானம். அதன் எஞ்சினுக்கு எத்தனை வயது, கடைசியாக எப்போது பழுது பார்த்தார்கள் என்பது தெரிந்தால் எந்த எதிரிக்கு என்ன இலாபம்? 2018 இல் பிரித்தானிய விமானப்படையின் ரெட் ஏரோஸ் விமானம் வேல்ஸில் விழுந்து ஒரு தொழில்நுட்பவியலாளர் இறந்தார். அந்த விசாரணை அறிக்கையை யாரும் இணையத்தில் வாசிக்கலாம். அதனால் அவர்களின் பாதுகாப்பு கெட்டுப்போகவில்லை.

இன்னும் சிலர், "செத்தது நம்மட பிள்ளைகளா?" என்று கேட்கிறார்கள். வெட்கமான கேள்வி. செத்தது ஒரு தாயின் பிள்ளை. அந்த விமானங்கள் பறப்பது நமது வயலுக்கும் வீட்டுக்கும் பாடசாலைக் கூரைக்கும் மேலாலதான். விழுகிற இயந்திரம் இனம் பார்த்து விழாது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை அள்ளிக்கொண்டு போனபோது, வெள்ளம் யாரிடமாவது மதம் கேட்டதா?

"எல்லாம் கத்ர், அவர்ட நேரம் முடிஞ்சுது" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டச் சொன்னார்கள் நமது நபி (ஸல்). கட்டினார்களா இல்லையா என்று பார்ப்பதுதான் விசாரணை. அது ஈமானுக்கு எதிரானதல்ல.

எனது வகுப்பில் கணிதப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளில் விமானி ஆக ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முன்னம் விழுந்தது ஏன் விழுந்தது என்று சொல்லாத இடத்துக்குப் பிள்ளையை எந்த நம்பிக்கையில் அனுப்புவது?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நமக்கும் சேர்த்துத்தான். தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுக்க அதில் இடமுண்டு. ஆனால் பொதுநலன் மேலோங்கினால் மறுக்க முடியாது என்று அதே சட்டத்தின் 5(4) பிரிவு சொல்கிறது. விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு இருக்கிறது.

அடுத்தது விழுந்த பிறகு கறுப்புப் படம் போடுவதை விட, இப்போதே ஒரு விண்ணப்பம் போடுவது மேல். சிங்களம் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் கொமெண்டில் சொல்லுங்கள். சேர்ந்து எழுதுவோம்.