பூனைக்குட்டியைத் தூக்குமுன்

தெரு ஓரத்துச் செங்கல் அடுக்கின் இடுக்கில் ஒரு பூனைக்குட்டி கத்துகிறது. கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. சுற்றுமுற்றும் தாயைக் காணோம். பள்ளி விட்டு வரும் மாணவன் ஒருவன் அதைப் பார்க்கிறான். என்ன செய்வான்? குட்டியை நெஞ்சோடு அணைத்து வீட்டுக்குக் கொண்டு போவான். அட்டைப்பெட்டி ஒன்று தேடுவான். கொட்டாங்குச்சியில் பசும்பால் ஊற்றி வைப்பான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ குட்டி இறந்துவிடும். "தாயில்லாக் குட்டி பிழைக்காது என்று அப்போதே சொன்னேனே" என்பார் பாட்டி.

அந்தக் குட்டிக்குத் தாய் இல்லை என்று முடிவு செய்தது யார்? மாணவ நண்பர்களே, இதைத்தான் நான் உங்களிடம் கேட்க விரும்புகிறேன்.

பூனை இரை தேடி வாழும் பிராணி. பால் கொடுக்கும் காலத்தில் அதன் பசியும் அதிகம். ஆகவே மறைவிடத்தை விட்டு அது வெளியே போய்த்தான் ஆக வேண்டும். குட்டிகள் சற்று வளர்ந்துவிட்டால் சில மணி நேரம்கூடத் திரும்பாமல் இருக்கும். தவிர, பூனை குட்டி போட்டால் ஏழு இடம் மாற்றும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உண்டு. ஏழு என்பது ஒரு பேச்சுக்கு. இடம் மாற்றுவது மட்டும் உண்மை. குட்டிகள் நான்கு, வாய் ஒன்று. ஒவ்வொன்றாகத்தான் பிடரியைக் கவ்விக்கொண்டு போக முடியும். ஒன்றைப் புது இடத்தில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாய் திரும்பி வருவதற்குள் நாம் குறுக்கே போனால், நம் கண்ணுக்கு அது அநாதைக் குட்டி. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய்தான் பற்ற வேண்டும் என்பதை வைணவ ஆசிரியர்கள் உவமையாகவே எடுத்தாண்டிருக்கிறார்கள். அவ்வளவு பழைய கவனிப்பு இது. நாம்தான் மறந்துவிட்டோம்.

எனவே முதலில் செய்ய வேண்டியது காத்திருப்பது. பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, மறைவாக நின்று பாருங்கள். பக்கத்திலேயே கூட்டமாக நின்றால் தாய் வராது. நிற்க நேரமில்லையா? குட்டியிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, சுற்றிலும் அரிசி மாவை மெல்லிய வளையமாகத் தூவிவிட்டுப் போங்கள். குட்டியின் மேல் கொட்டிவிடாதீர்கள், எறும்பு வரும். சில மணி நேரம் கழித்து வந்தால் மாவில் தடம் தெரியும். நாயின் தடத்தில் நகக்குறி இருக்கும். பூனை நடக்கும்போது நகங்களை உள்ளே இழுத்துக்கொள்வதால் அதன் தடத்தில் நகக்குறி பெரும்பாலும் இராது. வயிறு உப்பி, உடம்பு வெதுவெதுப்பாக, சத்தமின்றித் தூங்கும் குட்டி பால் குடித்த குட்டி. அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

மழைநீர் புகும் இடத்திலோ, நாய்கள் நடமாடும் இடத்திலோ, எறும்பு மொய்த்தோ, காயத்தோடோ, தொட்டால் சில்லென்றோ குட்டி கிடந்தால் காத்திருப்பது அறிவீனம். அப்போது உடனே எடுக்கத்தான் வேண்டும். மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்ற பேச்சைப் பூனை விஷயத்தில் நம்ப வேண்டாம். வீட்டில் வளரும் பூனைகள், வீட்டார் தினமும் தொட்டுத் தூக்கும் குட்டிகளுக்குத்தான் பால் கொடுக்கின்றன. அவசரப்பட்டுத் தூக்கி வந்தவர்கள் அன்றே அதே இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கலாம்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். தாய் செய்யும் வேலையை நாம் செய்ய முடியாதா? ஓரளவு முடியும். ஆனால் அந்த வேலை என்ன என்று தெரிந்தால், அதை ஏற்கத் துணிய மாட்டோம்.

பிறந்த பூனைக்குட்டியின் எடை ஏறத்தாழ 100 கிராம். ஓர் எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய உடல். எடையோடு ஒப்பிட்டால் அதன் மேற்பரப்பு மிக அதிகம். ஆகவே வெப்பம் விரைவில் வெளியேறிவிடும். நமக்குக் குளிரெடுத்தால் உடல் நடுங்குகிறது. தசைகள் துடித்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. முதல் வாரத்துக் குட்டிக்கு நடுங்கவே தெரியாது. வளர்ந்த பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி சென்டிகிரேடு. இந்தச் சிறு குட்டிக்கோ 35 முதல் 37 டிகிரிதான். தாயின் வயிறும் கூடப் பிறந்த குட்டிகளின் உடம்பும்தான் அதற்கு அடுப்பு. அந்த அடுப்பிலிருந்து பிரித்துச் சிமெண்டுத் தரையில் விட்டால், நம் ஊர் வெயில் காலத்திலும் இரவில் அது குளிர்ந்துவிடும். உடல் குளிர்ந்தால் குடல் இயங்காது. இயங்காத குடலில் போன பால் செரிக்காது. குளிர்ந்த குட்டியின் வாயில் பாலைப் புகட்டுவதைப் போன்ற தீங்கு வேறில்லை. முதலில் சூடு, அதன் பிறகே பால்.

தாய் குட்டியை ஓயாமல் நக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் கொஞ்சல் அல்ல. ஏறத்தாழ மூன்று வார வயது வரை குட்டி தானாகச் சிறுநீரோ மலமோ கழிப்பதில்லை. தாயின் நாக்கு வயிற்றடியில் படும்போது உண்டாகும் தூண்டலால்தான் கழிக்கிறது. இதை அறியாமல் எத்தனை அக்கறையாகப் பால் கொடுத்தாலும், வயிறு வீங்கிக் குட்டி துன்பப்படும்.

பாலின் கதை இன்னும் சுவையானது. ஒவ்வொரு பாலும் அந்தந்தக் குட்டிக்கென்று அமைந்தது. கன்று பிறந்தபோதிருந்த எடை இரட்டிப்பாக ஒரு மாதத்துக்கும் மேலாகும். பூனைக்குட்டி பத்து நாட்களுக்குள் இரட்டித்துவிடுகிறது. அந்த வேகத்துக்குப் புரதம் வேண்டும். 100 கிராம் பசும்பாலில் உள்ள புரதம் 3 கிராமுக்குச் சற்று மேல். பூனைப் பாலில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் உண்டு. பசும்பாலில் புரதத்தைவிடப் பால் சர்க்கரை அதிகம். பூனைப் பாலில் சர்க்கரையைவிடப் புரதம் அதிகம். பசும்பால் குடித்த குட்டிக்கு வயிற்றுப்போக்கு வருவதும், நீரிழந்து ஓரிரு நாளில் அது துவண்டு போவதும் இதனால்தான். பாலில் தண்ணீர் கலந்து கொடுப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும். இருக்கும் புரதமும் பாதியாகிவிடும் அல்லவா?

வேறொரு செய்தியும் உண்டு. டாரின் என்ற பொருளைப் பூனையின் உடல் தேவையான அளவு தயாரிப்பதில்லை. இறைச்சி, மீன் ஆகியவற்றிலிருந்தும், குட்டிப் பருவத்தில் தாய்ப்பாலிலிருந்தும்தான் பெற வேண்டும். பசும்பாலில் அது மிகக் குறைவு. கேசீன் எனப்படும் பால் புரதத்தை மட்டும் புரத உணவாகக் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை சிதைந்ததையும், அதற்கு டாரின் குறைவே காரணம் என்பதையும் 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது குறைந்தால் இதயத் தசையும் தளர்ந்துவிடும் என்று 1987இல் தெரிய வந்தது. பால்சோறு போட்டே பூனை வளர்க்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். அந்தப் பூனைகள் தப்பிப் பிழைப்பது, நமக்குத் தெரியாமல் பிடித்துத் தின்னும் எலியாலும் பல்லியாலும்தான் என்பது என் கருத்து. கண் திறக்காத குட்டிக்கு அந்த வழியும் இல்லை.

நோய்த் தடுப்பையும் மறக்கக் கூடாது. மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புப் பொருள்கள் பெரும்பாலும் பிறக்குமுன்பே நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்கின்றன. பூனைக்குட்டிக்கோ அவற்றில் பெரும் பகுதி சீம்பாலில்தான் கிடைக்கிறது. அவற்றை அப்படியே உள்ளே விடும் குடற்சுவரின் வழி ஒரு நாளுக்குள் அடைபட்டுவிடும். பிறந்த அன்றே பிரிந்த குட்டி கேடயமில்லாமல் போர்க்களத்தில் நிற்கிறது.

இவ்வளவும் உடலைப் பற்றியது. ஒரு மாதக் குட்டி, பல் முளைத்துவிட்டது, தானே நக்கிக் குடிக்கிறது, இனி எடுத்து வரலாம் அல்லவா என்பார்கள். "குட்டியாக இருக்கும்போதே எடுத்தால்தான் நன்றாகப் பழகும்" என்ற வாதமும் கூடவே வரும். இந்த வாதத்தில் பாதி உண்மை. அதனால்தான் அது ஆபத்தானது.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் என்பவர் 1980களில் குட்டிகளை வெவ்வேறு வயதில் தினமும் கையில் எடுத்துப் பழக்கிப் பார்த்தார். இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள் மனிதக் கையை அறிந்த குட்டிகள் பிற்காலத்தில் மனிதரை நாடி வந்தன. அதன் பிறகு பழக்கத் தொடங்கியவை அவ்வளவாக வரவில்லை. ஆக, இளமையில் பழக்க வேண்டும் என்பது சரி. ஆனால் பழக்குவதற்குத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பிரித்தால் என்ன ஆகும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பிலிப் சைட்ஸ் என்ற ஆய்வாளர் 1959இல் வெளியிட்ட சோதனையில் சில குட்டிகளை இரண்டாம் வாரத்திலும், சிலவற்றை ஆறாம் வாரத்திலும், சிலவற்றைப் பன்னிரண்டாம் வாரத்திலும் பிரித்தார். வளர்ந்த பிறகு, இரண்டாம் வாரத்தில் பிரிந்தவையே மிகவும் மிரண்டன. சண்டைக்கும் அவையே முந்தின. 2017இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் ஏறக்குறைய 6000 பூனைகளைப் பற்றி அவற்றை வளர்ப்போரிடம் விசாரித்து வெளியிட்ட ஆய்வும் இதே திசையைத்தான் காட்டுகிறது. எட்டு வாரத்துக்குமுன் பிரிந்த பூனைகளில் அந்நியரிடம் சீறும் குணம் அதிகம். பதினான்கு வாரத்துக்குப் பின் பிரிந்தவற்றிடம் அது குறைவு. வளர்ப்போர் சொல்லைக் கொண்டு செய்த ஆய்வு மட்டும் காரண காரியத்தை நிரூபித்துவிடாது என்று நீங்கள் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம். ஆனால் சோதனையும் விசாரணையும் ஒரே விடையைச் சொல்லும்போது அதை ஒதுக்கிவிட நமக்குத் துணிவு வரக் கூடாது.

காரணத்தைக் குட்டிகளின் விளையாட்டிலேயே காணலாம். இரண்டு குட்டிகள் கட்டிப் புரண்டு கடித்துக்கொள்ளும். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீறிட்டு விலகிவிடும். விளையாட்டு நின்றுவிடும். எவ்வளவு கடிக்கலாம் என்ற அளவைக் குட்டி இப்படித்தான் கற்கிறது. தனியே வளர்ந்த குட்டிக்கு இந்தப் பாடம் கிடைப்பதில்லை. அது உங்கள் கையைக் கடித்துப் பழகும். குட்டியாக இருக்கையில் சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறோம். ஆறு மாதத்தில் அதே பூனை கடித்தால் 'பொல்லாத பூனை' என்று கோணியில் கட்டி ஊருக்கு வெளியே விட்டு வருகிறார்கள். பொல்லாப்பு பூனையுடையதா?

வேட்டையும் ஓரளவு தாயிடம் கற்பதுதான். சீன உளவியலாளர் குவோ 1930இல் வெளியிட்ட சோதனையில், தாய் எலி கொல்வதைப் பார்த்து வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனியே வளர்ந்த 20 குட்டிகளில் 9 மட்டுமே கொன்றன. எலித் தொல்லைக்காகப் பூனை வளர்ப்போர் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே என் யோசனை எளியது. குட்டி உங்களிடம் வருவதற்குப் பதிலாக நீங்கள் குட்டியிடம் போங்கள். தாய் உங்களை அறிந்த பூனையானால், மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் அரைமணி நேரம் அங்கே உட்காருங்கள். தாய்க்கு ஒரு துண்டு மீன் வையுங்கள். குட்டிகளை மெல்லக் கையில் எடுத்துத் திரும்ப விடுங்கள். எட்டு வாரத்துக்கு முன்பு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். பன்னிரண்டு வாரம் பொறுக்க முடிந்தால் மிக நல்லது. தெருவில் அவ்வளவு காலம் குட்டி பிழைத்திருக்குமா என்ற கவலை எனக்கும் உண்டு. அதற்கு விடை, தாயையும் குட்டிகளையும் சேர்த்தே ஒரு கொல்லைப்புறத்தில் இருக்க விடுவதுதான். குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை அறுவை செய்துவிட்டால் அடுத்த ஈற்றுக்கு இந்தப் பிரச்சினையே வராது.

தாய் தெரியாத பூனையாக இருந்தால் கையை நீட்டாதீர்கள். எந்தப் பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் வீட்டில் மறைக்காமல் சொல்லுங்கள். புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் நோய் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை.

தாய் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டது, கண்ணால் பார்த்தோம் என்றால்? அப்போது வளர்க்கத்தான் வேண்டும். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் வேண்டும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும்தான், கொடுக்க வேண்டும். குழந்தையைப் போல் மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குட்டி தாயிடம் குடிப்பதுபோல் குப்புறக் கிடந்தே குடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் வயிற்றடியை மெல்லத் தடவிச் சிறுநீர் கழிக்க வையுங்கள். தினமும் அதே நேரத்தில் எடை போடுங்கள். நாளுக்குப் பத்து கிராமாவது கூட வேண்டும். ஒரு நாள் கூடாவிட்டாலும் மருத்துவரிடம் ஓடுங்கள். குட்டிகள் இரண்டு இருந்தால் பிரித்து வளர்க்க வேண்டாம்.

இதையெல்லாம் தொடங்குமுன் அக்கம்பக்கத்தில் வேறு ஏதாவது பூனை குட்டி போட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். பால் கொடுக்கும் பூனை பெரும்பாலும் அயல் குட்டியையும் தன் குட்டிகளோடு சேர்த்துக்கொள்கிறது. குட்டிகளின் வயது ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் நல்லது. அதன் குட்டிகள் படுத்த துணியால் புதுக் குட்டியை மெல்லத் துடைத்து, தாய் வெளியே போன நேரம் பார்த்து நடுவில் விட்டுவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். தாய் திரும்பி வந்து மோந்து பார்க்கும். அடுத்து நக்கத் தொடங்கினால் உங்கள் வேலை முடிந்தது.