24 மணிப் பந்தயமும் 8 மணி வேலையும்

“போட்டிதான் முன்னேற்றத்தின் தாய், வேகம்தான் அதன் பிள்ளை” என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் நாள்தோறும் உபதேசம் செய்து வருகின்றன. இதற்கு அத்தாட்சியாக அவர்கள் கார் பந்தயத்தைக் காட்டுகிறார்கள். “ஜெர்மன்காரனைப் பார், ஜப்பான்காரனைப் பார்! 24 மணி நேரம் ஓயாமல் ஓடுகிற காரைச் செய்துவிட்டான். நீங்களோ எட்டு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் வேலை என்றால் கொடி பிடிக்கிறீர்கள்!” இதுதான் அவர்கள் வாதத்தின் சாரம்.

லாங் பஜாரில் மூட்டை சுமக்கும் தோழர்களும், ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் மேல்தோல் தைக்கும் சகோதரிகளும், குடியாத்தம் பக்கத்து வயல்களில் களை பறிக்கும் விவசாயத் தொழிலாளர்களும் இந்த வாதத்தைக் கேட்டுத் தலைகுனிய வேண்டியதில்லை. அவர்கள் காட்டுகிற சாட்சியையே கூண்டில் ஏற்றி விசாரிப்போம். அது யார் பக்கம் பேசுகிறது என்று பார்ப்போம்.

நம் இளம் தோழர்களுக்கு இந்தப் பந்தயம் புதிதல்ல. 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணிப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அதற்கும் முன்னால், 2012ல், பிரான்ஸ் தேசத்து லெ மான் நகரில் நடக்கும் 24 மணிப் பந்தயத்தில் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் ஓட்டிய கார் ஆறாவதாக வந்தது. அது வெறும் பெட்ரோல் கார். அதே பந்தயத்தில் முதலிடமும் இரண்டாமிடமும் பெற்றவை ஜெர்மனியின் ஆடி கம்பெனி செய்த ஹைப்ரிட் கார்கள். லெ மானில் ஹைப்ரிட் கார் ஜெயித்தது அதுவே முதல் தடவை. அன்று முதல் 2025 முடிய ஒவ்வோராண்டும் ஹைப்ரிட் காரே ஜெயித்திருக்கிறது.

ஹைப்ரிட் என்பது என்ன?

நம் பக்கத்து எருது விடும் விழாவில், குறித்த தூரத்தைக் காளை எத்தனை விநாடியில் கடக்கிறது என்று பார்க்கிறோம். லெ மானில் கணக்கு தலைகீழ். காலம் 24 மணி என்று குறித்துவிட்டார்கள். அதற்குள் யார் அதிக தூரம் ஓடுகிறார் என்பதே போட்டி. ஒரு சுற்று 13.6 கிலோமீட்டர்.

ஓடுகிற வண்டிக்குப் பிரேக் போட்டால் அதன் வேகம் முழுவதும் சூடாக மாறி வீணாகிறது. ஹைப்ரிட் கார் அந்த வீண் சக்தியைப் பிடித்து மின்சாரமாக்குகிறது. வளைவு தாண்டி மறுபடி வேகமெடுக்கும்போது அதையே மோட்டாருக்குக் கொடுக்கிறது. சென்னை மெட்ரோ ரயிலும் பிரேக் போடும்போது இப்படித்தான் மின்சாரத்தை மீட்கிறது.

பிடித்த சக்தியை எங்கே வைப்பது? இதற்கு மூன்று கம்பெனிகள் மூன்று வழி பார்த்தன. ஆடி கம்பெனி வேகமாகச் சுழலும் ஒரு சக்கரத்தில் வைத்தது. காலை எடுத்த பிறகும் தையல் மிஷின் சக்கரம் சற்று நேரம் சுற்றுகிறதல்லவா? அதே தத்துவம். ஜப்பானின் டொயோட்டா பெரிய கப்பாசிட்டரில் வைத்தது. அகல வாய்ப் பானையைப் போல அது சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும். போர்ஷே லித்தியம் பாட்டரியில் வைத்தது. ஆடியின் என்ஜின் டீசல். மற்ற இரண்டும் பெட்ரோல்.

ஜெயித்தது எது?

2014ல் புது விதி வந்தது. சுற்று ஒன்றுக்கு எவ்வளவு மின்சக்தியை உபயோகிக்கலாம் என்பதற்கு 2, 4, 6, 8 மெகாஜூல் என்று நாலு படிகள். எட்டு மெகாஜூல் என்பது நம் வீட்டு மீட்டர் கணக்கில் 2 யூனிட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மின்சக்தியை அதிகம் எடுக்கிறவனுக்கு எண்ணெய் ரேஷன் குறைவு. ரேஷனை மீறாமலிருக்க ஒவ்வொரு காரிலும் எண்ணெய் ஓட்டத்தை அளக்கும் மீட்டர்.

அவ்வாண்டு டொயோட்டாவும் போர்ஷேயும் 6 மெகாஜூல் படியில் நின்றன. ஆடி 2 மெகாஜூலோடு திருப்தியடைந்தது. இரவெல்லாம் முன்னால் ஓடிய டொயோட்டா, விடியும் நேரத்தில் மின்கம்பிக் கோளாறால் நின்றது. ஜெயித்தது ஆடி. மறு ஆண்டு, 2015ல், போர்ஷே 8 மெகாஜூல் காரோடு வந்து 395 சுற்று ஓடி ஜெயித்தது.

2016ல் நடந்தது உலகறிந்த கதை. பந்தயம் முடிய ஏறக்குறைய மூன்று நிமிஷம் பாக்கி. டொயோட்டா முன்னணியில். திடீரென்று சக்தியிழந்து, முடிவுக் கோட்டருகே நின்றுபோயிற்று! போர்ஷே கடந்து சென்று ஜெயித்தது. கோளாறு எங்கே? பெரிய என்ஜினிலா, விலையுயர்ந்த பாட்டரியிலா? இல்லை. டர்போவிலிருந்து காற்று போகும் குழாயில் ஓர் இணைப்பு விட்டுப்போயிற்று. அவ்வளவே!

2017ல் இன்னும் வேடிக்கை. ஹைப்ரிட் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகின. ஹைப்ரிட் அல்லாத, கீழ்ப் பிரிவைச் சேர்ந்த ஒரு கார் பந்தயத்துக்கே தலைமை தாங்கி ஓடிற்று. மோட்டார் மாற்றுவதில் ஒரு மணிக்கு மேல் இழந்த ஒரு போர்ஷே, கடைசிக் கட்டத்தில்தான் அதை முந்தி ஒரு சுற்று வித்தியாசத்தில் ஜெயித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லெ மானில் ஓடப்பட்ட அதிகபட்ச தூரம் 397 சுற்று, 5,410 கிலோமீட்டர். 2010ல் ஹைப்ரிட் அல்லாத ஆடி டீசல் கார் ஓடிய தூரம் இது. இத்தனை ஹைப்ரிட் வெற்றிகளுக்குப் பிறகும், 2025 வரை, அந்த எல்லையை யாரும் தாண்டவில்லை. அப்படியானால் ஹைப்ரிட் சாதித்ததென்ன? அந்தத் தூரத்துக்கு இரண்டே சுற்று குறைவாக, முன்னைவிட வெகு குறைந்த எண்ணெயில் ஓடிக் காட்டியது. இது சாதனைதான். நாம் மறுக்கவில்லை. யந்திரத்தின் மீதும் விஞ்ஞானத்தின் மீதும் நமக்கு விரோதமில்லை. எஞ்ஜினீயர்களின் மூளையும் மெக்கானிக்குகளின் கையும் செய்த சாதனை அது.

ஆனால் இந்தச் சாதனையைப் பிறப்பித்தது எது? இஷ்டம்போல் எண்ணெய் எரிக்கும் சுதந்திரமா? ரேஷன்! இவ்வளவுக்கு மேல் எரிக்காதே என்று விதி கட்டிப்போட்ட பிறகு, வீணாவதை மீட்கும் வழியை இன்னும் தீவிரமாகத் தேடினார்கள். 2021க்குப் பிறகு விதி இன்னும் கடுமையாயிற்று. எந்தக் காரும் மற்றதை விட்டு வெகுதூரம் ஓடிவிடாதபடி ஒவ்வொரு காருக்கும் கனம் இவ்வளவு, சக்தி இவ்வளவு என்று அதிகாரிகள் நிர்ணயிக்கிறார்கள். தனியார் போட்டியின் மகிமையைப் பாடுகிற கனவான்கள் தங்களுக்குள் சமன்பாடு செய்துகொள்வதைப் பார்த்தீர்களா?

ஓட்டுகிறவனுக்கு எத்தனை மணி?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 24 மணி நேரம் ஓடுவது கார். ஓட்டுகிறவனோ? ஒரு காருக்கு மூன்று பேர். எந்த ஓட்டுநரும் ஆறு மணி நேரத்துக்குள் நாலு மணிக்கு மேல் ஓட்டக்கூடாது. மொத்தத்தில் 14 மணியைத் தாண்டக்கூடாது. இது லெ மான் விதி. காரணம் தெளிவு: களைத்த கை தடுமாறும், களைத்த கண் ஏமாறும், ஆள் சாவான்.

24ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள். எட்டு! உலகத்திலேயே பணம் கொழிக்கும் கம்பெனிகள் நடத்துகிற ஓட்டப் பந்தயமும் சராசரிக் கணக்கில் எட்டு மணி, மூன்று ஷிப்ட் முறையில்தான் ஓடுகிறது. அவர்களுடைய சாட்சி நம் பக்கம் பேசுகிறது, தோழர்களே!

இந்த விதிகளும் யாரோ தர்மவான் கொடுத்த வரமல்ல. 1955ல் லெ மானில் ஒரு கார் சிதறி ஜனக் கூட்டத்தில் விழுந்து 80க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று பந்தயத்தைக்கூட நிறுத்தவில்லை. பாதுகாப்பு விதிகள் ரத்தத்திலிருந்துதான் பிறந்தன. எட்டு மணி வேலையும் அப்படித்தான் பிறந்தது.

நம் நாட்டில் நடப்பதென்ன? 2023 ஏப்ரல் 21ந் தேதி தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் பொங்கி எழுந்தன. பத்தே நாளில், மே முதல் தேதியன்று, மசோதா வாபஸ் என்று முதலமைச்சர் அறிவிக்க நேர்ந்தது. 1923 மே முதல் தேதி சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றிச் சரியாக நூறாண்டு நிறைந்த நாள் அது!

ஆனால் முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 2025 நவம்பர் 21ந் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமுலுக்குக் கொண்டுவந்தது. எட்டு மணி என்று ஒரு கையால் எழுதிவிட்டு, வாரத்துக்கு 48 மணி தாண்டாவிட்டால் நாலு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று இனிக்கப் பேசி, 12 மணி நாளுக்கு மறு கையால் கதவு திறக்கிறார்கள். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியருகே நிற்கிறவனுக்கும், குனிந்து தைக்கிற பெண்ணுக்கும் பன்னிரண்டாவது மணி எப்படியிருக்கும் என்று டில்லியில் இருப்பவர்களுக்குத் தெரியுமா? ஏர் மாட்டைக்கூட உச்சி வேளையில் அவிழ்த்து விடுவது நம் நாட்டு வழக்கம்.

மீட்டர் இருக்குமிடமும் இல்லாத இடமும்

அந்தத் தொகுப்பில் இன்னொரு விஷமும் இருக்கிறது. தொழிற்சாலை இன்ஸ்பெக்டரை “ஆய்வாளரும் வசதி செய்து கொடுப்பவரும்” ஆக்கிவிட்டார்கள். முதலாளிகளை நம்புங்கள், அதட்டாதீர்கள் என்று பொருள். நம்பலாமா? ஆடி கம்பெனியின் கதையே பதில் சொல்லட்டும்.

பந்தயத் தடத்தில் ஒவ்வொரு துளி எண்ணெய்க்கும் மீட்டர் இருந்தது. அங்கே ஆடி ரேஷனுக்குள் ஓடிற்று. அதே ஆடிக்குச் சொந்தக்காரரான வோக்ஸ்வாகன், சாதாரண ஜனங்களுக்கு விற்ற டீசல் கார்களில் என்ன செய்தது? பரிசோதனைக் கூடத்தில் புகையைக் குறைத்துக் காட்டி, ரோட்டில் இஷ்டம்போல் கக்கும்படி கம்ப்யூட்டரில் மோசடி செய்தது. 2015 செப்டம்பரில் குட்டு வெளிப்பட்டது. உலகமெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள்! மறு ஆண்டு முடிவோடு ஆடி அந்தப் பந்தயத்தை விட்டே விலகிற்று. அடுத்த ஆண்டு அதே குடும்பத்துப் போர்ஷேயும் விலகிற்று. மீட்டர் இருந்த இடத்தில் யோக்கியன். இல்லாத இடத்தில் மோசடிக்காரன். முதலாளியின் நாணயம் இவ்வளவுதான்.

நம் ஊருக்கு வருவோம். 2015 ஜனவரி இறுதியில் ஓர் இரவு ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் விஷச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பந்தயக் காரின் எண்ணெய்க் குழாய்க்கு மீட்டர் உண்டு. பத்து உயிரைக் குடித்த சுவரின் பலத்தை அளக்க எந்த மீட்டர் இருந்தது? இன்ஸ்பெக்டரின் பல்லைப் பிடுங்குவது இன்னும் எத்தனை சுவர்கள் இடிவதற்கு?

மீட்ட சக்தி யாருக்கு?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, ஜனங்கள் நடக்கும் ரோட்டையே 3.5 கிலோமீட்டர் தடமாக்கி, சர்க்கார் பணத்தையும் செலவிட்டுக் கார் பந்தயம் நடத்தினார்கள். பந்தயத்துக்கு ரோடு கிடைக்கிறது, விளக்கு கிடைக்கிறது, ஆம்புலன்ஸ் கிடைக்கிறது. இவற்றைக் கேட்டுக் கூலிக்காரன் மனுக் கொடுத்தால் மட்டும் கஜானா காலி என்கிறார்கள்!

ஹைப்ரிட் கார், தான் மீட்ட சக்தியைத் தன் சக்கரத்துக்கே திருப்பிக் கொடுக்கிறது. நம் தொழிற்சாலைகளில்? புது மிஷின் வந்து பத்துப் பேர் வேலையை ஆறு பேர் செய்தால், மிச்சமான உழைப்பு உழைத்தவனுக்கு ஓய்வாகத் திரும்புகிறதா? நாலு பேருக்கு வீட்டுக்குப் போகும் சீட்டாகவும், ஆறு பேருக்கு அதிகப் பளுவாகவும், முதலாளிக்கு லாபமாகவும் போகிறது. அறுவடை மிஷின் வந்த வயலில் விவசாயக் கூலியின் கதியும் இதுவே. யந்திரத்தின் மீது குற்றமில்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

ஆகவே நாம் கேட்பது இது: எட்டு மணிக்கு மேல் வேலை வாங்கும் எந்தத் தந்திரமும் கூடாது. இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் வேண்டும். முன்னறிவிப்பின்றி உள்ளே நுழையும் உரிமை வேண்டும். புது மிஷின் மிச்சப்படுத்தும் உழைப்பில் ஒரு பங்கு குறைந்த வேலை நேரமாகவும் கூடுதல் கூலியாகவும் உழைப்பாளிக்குத் திரும்ப வேண்டும்.

டொயோட்டாவின் கதையை மறக்காதீர்கள், தோழர்களே! ஒரு சிறு இணைப்பு விட்டதும் உலகப் பிரசித்தி பெற்ற யந்திரம் முடிவுக் கோட்டருகே நின்றுபோயிற்று. மூட்டை சுமக்கும் தோளும், தோல் தைக்கும் விரலும், நாற்று நடும் கையும்தான் இந்தச் சமுதாய யந்திரத்தின் இணைப்புகள். அவை தனித்தனியாக இருக்கும்வரை அற்பம் என்று ஏளனம் செய்வார்கள். சங்கமாகச் சேர்ந்து நின்றால், எட்டு மணிக்கு மேல் ஒரு சக்கரமும் நம் சம்மதமின்றிச் சுழலாது!