வானத்தில் ஒரு வெண்கோடு

விடுமுறைக்கு அந்தமான் செல்லும் நம் மாணவ நண்பர்கள் கடலைப் படமெடுக்கிறார்கள். செல்லுலர் சிறையைப் படமெடுக்கிறார்கள். சிங்கப்பூருக்கும் மேலை நாடுகளுக்கும் இடையே பறக்கும் விமானங்கள் தலைக்கு மேலே இழுத்துச் செல்லும் வெண்கோட்டை எத்தனை பேர் படமெடுத்திருக்கிறோம்?

அது நஞ்சுத் தெளிப்பு அன்று. அப்படியொரு செய்தி கைப்பேசியில் வந்தால், கற்றவரும் பகுத்தறியாமல் நாலு பேருக்கு அனுப்புகிறார்களே, அது வெட்கக்கேடு! எரிபொருள் எரியும்போது பிறக்கும் நீராவி, பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகைக் குளிரில் பனித்துகளாக உறைகிறது, அவ்வளவே. மேற்காற்று வறண்டிருந்தால் கோடு விரைவில் மறையும். ஈரமாயிருந்தால் நெடுநேரம் நின்று, பரந்து, மேகமாகும். அந்த மேகம் பூமியின் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். கடல் சிறிது உயர்ந்தாலும் கலங்கும் தீவுகளுக்கு இது வேடிக்கைச் செய்தியா?

2001 செப்டம்பரில் அமெரிக்க விமானங்கள் மூன்று நாள் நின்றபோது, பகல் இரவு வெப்ப வேறுபாடு கூடியது. கோடுகள் இல்லாததே காரணம் என்றனர் சிலர், மறுத்தனர் சிலர். வழக்கைத் தீர்க்கச் சான்று வேண்டாமா?

ஆகவே படமெடுங்கள். நாள், மணி, திசை, கோடு நின்ற நேரம் நான்கையும் எழுதிவையுங்கள். குறிப்பில்லாத படம் அழகு. குறிப்புள்ள படம் சான்று.

ஓர் எச்சரிக்கை. 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் ஓடுதளம், கடற்படையின் உத்குரோஷ் தளத்தைச் சேர்ந்தது. அங்கே கேமராவைத் திருப்பாதீர்கள். ஓடுதளம் காவலுக்குரியது, வானமோ பொதுச்சொத்து.

விடுமுறை முடிந்ததும் நம் சங்க அறைச் சுவரில் அந்தக் கோடுகளைக் காண விழைகிறேன்.