பழைய புஸ்தகமும் புதுப் பாஷையும்

சென்ற மாதம் செங்கற்பட்டில் அண்ணா வீட்டுக்குப் போயிருந்தேன். பிளஸ் டூ படிக்கும் அண்ணா பெண் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி கண்ணு?"

"எனக்கு இதெல்லாம் வராது, அத்தை. புஸ்தகத்தில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் அடிக்கிறேன். தப்பு, தப்பு என்கிறது."

புஸ்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அண்ணா உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் வாங்கியது. பள்ளிப் பாடத்தைவிட விரிவாக இருக்கிறதே என்று பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். உள்ளே 2006 என்று அச்சாகியிருந்தது. விஷயம் விளங்கிவிட்டது. ஆபீசில் இதே இடத்தில் நானும் ஒரு தரம் இடறி விழுந்தவள்தான்!

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் பாஷைகளில் பைதான் ஒன்று. 1991-ல் கீடோ வான் ரோசம் என்ற டச்சுக்காரர் வெளியிட்டார். 2008 டிசம்பரில் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. பழைய இலக்கணம் சில இடங்களில் அதற்கு ஒத்துவராது. 2020 ஜனவரி முதல் தேதியோடு இரண்டாம் பதிப்பைப் பராமரிப்பதும் நின்றது. முன்பெல்லாம் 'பிரிண்ட்' என்று எழுதிப் பக்கத்தில் வாக்கியத்தைப் போட்டால் போதும். இப்போது அடைப்புக்குறிக்குள் வைத்தாக வேண்டும். குழந்தை செய்த குற்றம் அவ்வளவே!

இதுவாவது தேவலை, தப்பு என்று மெஷின் கூச்சல் போடுகிறது. கூச்சல் போடாத தப்புதான் பொல்லாதது. ஏழை இரண்டால் வகுக்கச் சொன்னால் பழைய பைதான் 3 என்னும், புதியது 3.5 என்னும். கணக்கு ஒன்று, விடை இரண்டு!

சமையல் அறையில் நாம் பார்க்காததா? என் பாட்டியின் நோட்டில் 'புளி ஒரு பலம்' என்றிருக்கும். பலம் என்றால் சுமார் 35 கிராம். தெரியாமல் நூறு கிராம் போட்டால் குழம்பை வாயில் வைக்க முடியுமா? பாட்டியின் கைமணத்திலும் குறையில்லை, பேத்தியின் சமர்த்திலும் குறையில்லை. அளவு மாறிவிட்டது. அதனால்தான் அம்மா ஓரத்தில் பென்சிலால் கிராம் கணக்கை எழுதிவைத்தாள்.

மறுநாள் மாமல்லபுரம் போனோம். எட்டாம் நூற்றாண்டுக் கடற்கரைக் கோயில். கருங்கல்தானே, கிடக்கட்டும் என்று அதையே விட்டுவிடவில்லை. அலை அரிக்காமல் கல் அணை, உப்புக் காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்கள். "கல்லுக்கே இவ்வளவு பராமரிப்பு என்றால் காகிதத்துக்கு வேண்டாமா, அத்தை?" என்றாள். சிரிப்பு திரும்பிவிட்டது!

2020 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் பைதானுக்கு ஒரு புதுப் பதிப்பு வருகிறது. வருஷா வருஷம் புஸ்தகம் வாங்க யாரால் முடியும்? வாங்கும்போது அச்சான வருஷத்தையும், எந்தப் பதிப்புக்கு எழுதியது என்பதையும் பாருங்கள். அதைச் சொல்லாத புஸ்தகத்தை வைத்துவிடுங்கள். 2012-ல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் தமிழில் கம்ப்யூட்டர் நூல்களை இலவசமாகத் தருகிறது. யாரும் பகிரலாம், திருத்தலாம் என்ற அனுமதியும் உண்டு. அம்மாவின் பென்சிலை ஊருக்கே கொடுத்தது போல!

பழையதைக் குப்பையில் போட்டுவிடவும் வேண்டாம். ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரிப்பது எப்படி, பெயர்களை அகர வரிசையில் அடுக்குவது எப்படி என்ற யோசனையெல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. மாறியது எழுதும் முறைதான்.

இன்னொன்று. வீட்டில் ஒரு குழந்தை "எனக்கு வராது" என்று புஸ்தகத்தை மூடினால், முதலில் அதன் வருஷத்தைப் பாருங்கள். பாதிக் குற்றம் அங்கே இருக்கலாம்.

நான் ஊருக்குப் புறப்படும்போது அண்ணா பெண் அந்தப் பழைய புஸ்தகத்தின் ஓரங்களில் பென்சிலால் அடைப்புக்குறி போட்டுக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷம் தம்பி படிப்பான், அத்தை. அவன் அழ வேண்டாமே" என்றாள்.